மூன்றும் பேராதனை

அன்றைக்கு எங்கள் மஹய்யாவ ஊரில், போட்டோகொப்பி அடிக்கும் கொமினிகேஷன் கடையில் இருந்தது நான், என் மனைவி, மகள் நித்யா, கம்ப்யூட்டர் முன்னால் கடைக்கார நானா. மகளின் கெம்பஸ் விண்ணப்பத்தை நிரப்பப் போயிருந்தோம். விரும்பும் படிப்புகளை, எந்தப் பல்கலைக்கழகத்தில் என்று சேர்த்து, வரிசையாகப் போட வேண்டுமாம். நான் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதாக மூன்று சொன்னேன். மூன்றும் பேராதனை.

நானா திரும்பினார். "அண்ணே, நீங்க ஓட்டுறது எந்த பஸ்?"

"பேராதனை பஸ்."

"அதானே. இது கெம்பஸ் லிஸ்டா, உங்க பஸ் ரூட்டா?"

மனைவி சிரித்துவிட்டாள். மகள் சிரிக்கவில்லை.

"இந்த ரிசல்ட்டுக்குப் பேராதனை இழுபறிதான்" என்றார் நானா. " கெடைக்காட்டி புள்ள ஊட்டுலதான். ஆசைப்பட்டத மேல போடுங்க. நடுவுல கெடைக்கக்கூடியது. கீழ, கட்டாயம் கெடைக்கிறது."

"தூரமாப் போயிருமே" என்றேன்.

"மட்டக்களப்புக்கும் பஸ் ஓடுதுப்பா" என்றாள் மகள்.

தூரத்துக்குப் பயந்தது அவள் இல்லை, நான்தான். அது அப்போதுதான் விளங்கியது.

"எல்லாத்தையும் போடுங்க நானா."

போன மாதம் அவளை மட்டக்களப்பில் விட்டுவிட்டு வந்தேன். போகும் வழியெல்லாம் அவள்தான் பேசினாள். நான் சொன்ன மூன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது லிஸ்டில் எத்தனையாவது என்று கேட்டேன்.

பதினான்கு.