ஒட்டுப்பால்: ஒரு பாடலும் அதற்குக் கிடைத்த புகழும்

மோகனா அர்ச்சுனன், 1973–2023. நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து, அம்பாங்கானில் மருந்துக் கடை ஊழியராக வாழ்ந்தவர். தாமே பாட்டெழுதி, மெட்டமைத்துப் பாடியவர்.

2005இல் அவருடைய முதல் இசைத்தொகுப்பை “தோட்டத்துக் கொச்சை” என்று இரண்டே சொற்களில் தள்ளிவிட்டார், வார இதழ் விமர்சகர் தர்மேந்திரன். வானொலியும் கைவிட்டது. இரண்டாவது தொகுப்பு வெளிவரப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. இதுவும் விழுந்தால் இனி மேடையேறுவதில்லை என்று தம் தாயார் மயிலம்மாளிடம் சொல்லியிருந்தார்.

வெளியீட்டு விழாவுக்கு முந்திய வாரம் விமர்சனம் வந்தது. பக்கத்தைப் புரட்டவே மோகனாவுக்குக் கை வரவில்லை. ஆனால், தர்மேந்திரன் புகழ்ந்திருந்தார். “ஒட்டுப்பால் வாசம் போகலியே, சேலைய மாத்தியும் போகலியே” என்னும் அடிகளை எடுத்துக்காட்டி, தாய்ப்பாலின் மணம் கமழும் அரிய தாலாட்டு என்று எழுதியிருந்தார். மறுநாளே வானொலியிலிருந்து புனிதன் என்பவர் அழைத்து, அன்னையர் தின நிகழ்ச்சிக்கு அந்தத் தாலாட்டுத்தான் வேண்டும் என்றார்.

ஆனால், ஒட்டுப்பால் என்பது மரத்தின் வெட்டிலும், பால் வடியும் கிண்ணமான மங்கிலும் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் ரப்பர்ப்பால். உரித்துச் சாக்கில் கட்டினால் குமட்டும். அதைச் சுமந்த தாயின் சேலையைப் பற்றிய பாட்டு அது.

மயிலம்மாளுக்கு விமர்சனத்தைப் படித்துக் காட்டியபோது அவர் சிரித்துவிட்டார்.

“தாய்ப்பாலா? அந்த நாத்தத்த எந்தப் புள்ளடி குடிக்கும்?”

“சொல்லிறவாம்மா?”

“சும்மா இருலா. இத்தன வருசம் கழிச்சு மனுசன் நல்லதா நாலு வார்த்த எழுதிருக்காரு.”

லோபாக் மண்டபத்தில் விழா நடந்தது. தர்மேந்திரன் மேடையில் அந்த அடிகளை உருக்கமாகச் சொல்லி, முன்வரிசையிலிருந்த மயிலம்மாளை நோக்கிக் கைகூப்பினார். கைதட்டல் எழுந்தது. மயிலம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். ஒலிவாங்கி மோகனாவின் கைக்கு வந்தது. நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டால் போதும், வானொலி உறுதி. தாயாரின் குனிந்த தலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஐயா, அது தாய்ப்பால் இல்லீங்க. மரத்துல காஞ்சு ஒட்டுன பால். நாறும். எங்கம்மாவோட சேல நாறுதுன்னு நான் ஸ்கூல் வாசல்ல அவங்கள யாருன்னே தெரியாத மாதிரி நடந்து போயிருக்கேன். அதத்தான் பாடினேன்.”

தர்மேந்திரன் புன்னகைத்தார், ஆனால் மோகனாவின் பக்கம் திரும்பவில்லை. மயிலம்மாள் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமா, வேறு ஏதாவதா என்று மோகனாவுக்கு விளங்கவில்லை.

அடுத்த வாரம் தர்மேந்திரன் மீண்டும் எழுதினார்: விளக்கவுரை வேண்டிய பாடல் பாடலே அன்று. நிகழ்ச்சிக்கு வேறு தாலாட்டு கிடைத்துவிட்டது என்று புனிதன் பணிவாகத் தெரிவித்தார். தொகுப்பு விற்கவில்லை.

இனி மேடையேறுவதில்லை என்ற பேச்சை மயிலம்மாள்தாம் உடைத்தார். “அதான் ஊரறியச் சொல்லிட்டியே, இனி என்ன? பாடு,” என்றார்.

மோகனா கடைசியாகப் பாடியது, 2022 ஜூலை 24ஆம் நாள், தாம் பிறந்த தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில்.