தெற்குக் கரையில் எனக்கு வைத்திருந்த அறை

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் போடுகிற ஆள் நான். என் தொழில் அப்படி. கடைகளில் குளிரூட்டிப் பெட்டிகள் பழுதுபார்க்கிறேன். பெட்டி சத்தம் போட்டால் உள்ளே விசிறி எங்கோ உரசுகிறது, தண்ணீர் வடிந்தால் குழாய் அடைத்திருக்கிறது, காரணம் இல்லாமல் எதுவும் நடந்து நான் கண்டதில்லை. அதனால் இதைக் கேட்டுவிட்டு, தனியே இருந்து இருந்து இந்த மனுசனுக்குத் தலை பிசகிவிட்டது என்று நீங்கள் நினைத்தாலும் நான் கோபிக்க மாட்டேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் நினைப்பேன்.

என்னை எல்லோரும் குணம் அண்ணை என்பார்கள். பிரான்ஸில் சில காலம் உணவகங்களில் கோப்பை கழுவிவிட்டு லண்டனுக்கு வந்தவன். குட்மேய்ஸில் ஒரு வீட்டின் மேல்மாடியில் தனியாக இருக்கிறேன். கீழ்மாடியில் கோயம்புத்தூர்க்காரத் தம்பி ஒருவர், செந்தில் என்று பெயர், மனைவியோடு இருக்கிறார். கணினி வேலை. வாசலில் கண்டால் தலையாட்டுவோம், நானும் ஆட்டுவேன், அவரும் ஆட்டுவார், அவ்வளவுதான் எங்கள் பழக்கம். எனக்கு ஒரு மகள், அபி. விம்பிள்டனில் இருக்கிறாள் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அவளுடைய அம்மாவும் நானும் பிரிந்தபோது அவள் அம்மா பக்கம் நின்றாள். பிறகு அம்மா கனடா போய்விட்டாள், மகள் இங்கேதான் இருந்தாள், ஆனால் என்னோடு கதைப்பதில்லை. ஒரே நகரம், ரயிலில் ஏறினால் போய்விடலாம், இருந்தும் அவள் வீட்டு விலாசம்கூட எனக்குத் தெரியாது. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

அப்டன் பார்க்கில் ரமணன் என்ற பெடியன் மீன்கடை வைத்திருக்கிறான். போன கோடை தொடங்க முன், அவனுடைய குளிரூட்டிப் பெட்டியைத் திருத்திக்கொண்டிருந்தபோது கேட்டான்.

"அண்ணை, நீங்கள் ஒருக்காலும் ஹொலிடே போகேல்லையோ?"

"எங்கை போறது? ஆரோடை போறது?"

"தனியப் போனால் என்ன? மால்டாவுக்குப் போங்கோ. சின்னத் தீவு. எல்லாரும் இங்கிலிஷ் கதைப்பினம், பிளக்கும் இஞ்சத்தைய பிளக்தான். நாங்கள் போன வருசம் குடும்பமாப் போனனாங்கள். எந்தப் பக்கம் நிக்கிறதெண்டதுதான் முக்கியம். பிழையான இடத்திலை ரூம் எடுத்தால் ஹொலிடே நாசம்."

அரிசி மூட்டைக்கு மேல் போனை வைத்துத் தீவின் வரைபடத்தை விரித்தான். ஸ்லீமாவில் நின்றால் கடை, படகு, பஸ் எல்லாம் காலடியில், ஆனால் சனம் கூட. வடக்கே மெலீஹாவில் நல்ல மணல், பிள்ளைகுட்டிகளோடு போகிறவர்களுக்குச் சரி. தலைநகர் வலெட்டா அழகு, ஆனால் ஏற்றமும் இறக்கமும், முழங்கால் நோகும். தெற்கே மார்ஸஷ்லொக் என்று ஒரு மீன்பிடிக் கிராமம் இருந்தது. அதன்மேல் நான் விரலை வைத்தேன்.

"அங்கை ஒருத்தரும் நிக்கிறேல்லை அண்ணை. ஞாயிற்றுக்கிழமை மீன்சந்தையைப் பார்த்திட்டு வந்திடுவினம். குளிக்க மணலும் இல்லை."

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து படங்களைப் பார்ப்பேன். ஸ்லீமா ஹோட்டலில் காலைச் சாப்பாட்டு மேசைகளின் படம், எல்லாம் இரண்டு பேருக்கு. மெலீஹா ஹோட்டலில் பிள்ளைகள் சறுக்கி விழுகிற குளம். தனியாள் எங்கே இருப்பது என்று ஒரு படத்திலும் இல்லை. தெற்குக் கிராமத்தின் படங்களில் ஆட்களே இல்லை, படகுகள்தான். மஞ்சளும் நீலமும் பூசி, முன்பக்கம் இரண்டு கண் வரைந்திருந்தார்கள். அந்தப் படகுகளுக்குப் பின்னால் ஒரு வீடு, மரத்தால் மூடிய பல்கனி, மேலே அறை வாடகைக்கு. ஒரு சனிக்கிழமை காலை அந்த இலக்கத்துக்கு அடித்தேன்.

எடுத்தது ஒரு பெண். கார்மென் என்றாள். ஆங்கிலத்தில்தான் பேசினோம். லண்டனிலிருந்து குணம் பேசுகிறேன் என்று சொன்னதும் குரல் மாறிவிட்டது, சொந்தக்காரரிடம் பேசுவதுபோல்.

"இந்த வருடம் பிந்திவிட்டீர்கள். முன்பக்கத்து அறைதானே?"

நான் முதல்தடவையாக வருகிறேன் என்றேன். ஆளை மாற்றி நினைத்துவிட்டாள் என்றுதான் எண்ணினேன். தங்குவதற்கு உங்கள் பக்கம் நல்லதா வடக்குப் பக்கம் நல்லதா என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

"ஒவ்வொரு வருடமும் இதையே கேட்கிறீர்கள். கேட்டுவிட்டு இங்கேதான் வருகிறீர்கள்."

போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். லண்டனில் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர், குணம் என்ற பெயரும் அபூர்வமில்லை, வேறு யாரோ ஒரு குணம் அங்கே போய்வருகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், என்னை எதிர்பார்க்கிற ஒரு குரலைக் கேட்டது நன்றாக இருந்தது. அந்த அறையையே எடுத்தேன். ரமணன்தான் விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டான், திரும்பி வந்தபோது கூட்டி வந்ததும் அவன்தான். இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு விளங்கும்.

கார்மென் வாசலில் நின்றாள். நேரில் பார்த்தால் பிழை விளங்கிவிடும் என்று நினைத்தேன். அவள் வந்து கட்டிப்பிடித்து, மெலிந்துவிட்டீர்கள் என்றாள். கோப்பிக் கடைக்காரர் என்னைக் கண்டதும் சீனி போடாத கோப்பியைக் கொண்டுவந்து கடலைப் பார்த்த மூலை மேசையில் வைத்தார். நான் சீனி போடுவதில்லை, நான் மூலையில் இருக்கிற ஆள்தான், அது வேறு விசயம், அவருக்கு யார் சொன்னது? வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் என் தோளில் தட்டி, முழங்கால் எப்படி என்றார். நான் நீங்கள் நினைக்கிற ஆளில்லை என்று முதல் நாள் எல்லோரிடமும் சொன்னேன். அவர்கள் அதை ஒரு பகிடியாக எடுத்தார்கள். அடுத்த நாள் கொஞ்சம் குறைவாகச் சொன்னேன். அதற்கடுத்த நாள் சொல்லவே இல்லை.

நீங்கள் நம்ப வேண்டிய இடம் இதுதான். எனக்கு அப்போது பயம் வரவில்லை. காலையில் எழும்பி அந்தக் கரையில் நடந்தால் பத்தடிக்கு ஒருவர் என் பெயரைச் சொன்னார்கள். குட்மேய்ஸில் கிழமை ஏழு நாளும் என் பெயரை யாரும் சொல்லாமல் போனதுண்டு. யாருக்கோ சேர வேண்டிய அன்பு பிழையான விலாசத்துக்கு வந்திருக்கிறது என்று தெரியும், தெரிந்துகொண்டே வாங்கி வைத்துக்கொண்டேன்.

கார்மெனின் கணவர் கீழே சலூன் வைத்திருந்தார். அதிகம் பேசாத மனுசன். லண்டனுக்கு வெளிக்கிடுவதற்கு முந்தின நாள் பின்னேரம் முகம் வழிக்கப் போனேன். நாற்காலியைச் சாய்த்து, சவர்க்காரம் பூசி, ஒரு பக்கம் முடித்துவிட்டுத் தலையைத் திருப்பினார். எனக்கு வலது காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு இருக்கிறது, பிரான்ஸில் சமையலறையில் வழுக்கி விழுந்தபோது வந்தது. அவருடைய விரல் அந்தத் தழும்பில் பட்டு நின்றது. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். கத்தியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இது அவருக்கு இல்லை," என்றார்.

நான் சாய்ந்த நாற்காலியில் நிமிர்ந்தேன்.

"அப்படியென்றால் நீங்கள் மற்றவர். போன வருடம் போகும்போது என்னிடம் மட்டும் சொன்னார். அடுத்த வருடம் நான் வர மாட்டேன், என்னைப் போலவே ஒருவர் வருவார், முன் அறையைக் கொடுங்கள், கடல் தெரியட்டும் என்றார். கார்மெனுக்கு நான் சொல்லவில்லை. பயந்துவிடுவாள்."

"யார் அவர்? எங்கே இருக்கிறார்?"

"குணம் என்றுதான் சொல்வார். வேறு என்ன சொல்ல?"

"என்னைப் பற்றி வேறு என்ன சொன்னார்?"

அவர் சொல்ல விரும்பாததுபோல் துவாயை மடித்தார். பிறகு சொன்னார். "அவனுக்கு அங்கே பேச ஆளில்லை என்றார். அடுத்த வருடம் ஏன் வர மாட்டீர்கள் என்று கேட்டேன். நீண்ட நாளாகச் செய்யாமல் கிடக்கிற வேலை ஒன்று இருக்கிறது, அதைச் செய்யப் போகிறேன் என்றார்."

மற்றப் பக்கத்தையும் வழித்துவிட்டார். அடுத்த நாள் கார்மென் கையசைத்து, வருகிற வருடம் பார்ப்போம் என்றாள். நானும் கையசைத்தேன்.

குட்மேய்ஸ் வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கும்போது மத்தியானம். செந்தில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். தலையாட்டவில்லை. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார்.

"வாங்கண்ணா. எங்க ரெண்டு மூணு நாளா ஆளையே காணோம்? அன்னைக்கு நீங்க சரி பண்ணிக் குடுத்தீங்கல்ல, ஃப்ரிட்ஜ் சூப்பரா ஓடுது. இவ உங்களுக்குன்னு பொங்கல் எடுத்து வச்சிருந்தா."

"எண்டைக்கு?"

"போன சனிக்கிழமை. ராத்திரி சாப்பிட்டுட்டு எவ்வளவு நேரம் பேசிட்டு இருந்தீங்க. நாலு வருஷமா மேல இருக்கீங்க, இவ்ளோ நல்லா பேசுவீங்கன்னே தெரியாம போச்சேன்னு இவ சொல்லிட்டே இருக்கா."

போன சனிக்கிழமை நான் மார்ஸஷ்லொக்கில் மூலை மேசையில் இருந்தேன். அந்த ஃப்ரிட்ஜைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பின்பக்கத்து மூடியைக் கழற்றினேன். உள்ளே வயர்களை ஒதுக்கிக் கட்டியிருந்தது. நான் கட்டுவதுபோலவே, இடப்பக்கம் மடித்து, நுனியை உள்ளே செருகி. வேறு யாரும் அப்படிக் கட்டி நான் பார்த்ததில்லை. மூடியைத் திரும்பப் பூட்டினேன். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது, செந்திலின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

என் வீட்டுக்குள் எதுவும் கலையவில்லை. கட்டில் விரிப்பு நான் விட்டுப்போனபடியே இருந்தது. சிங்கில் ஒரு சொட்டு ஈரமில்லை. அவன் எங்கே தூங்கினான் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மணி அடித்தது. கதவைத் திறந்தால் அபி. கையில் சாப்பாட்டுப் பெட்டி. நடுவே போன வருடங்களெல்லாம் அவள் முகத்தில் தெரிந்தன. கண்ணோரம் அம்மாவைப் போலச் சுருக்கம் வந்திருந்தது.

"அப்பா, உள்ளுக்கு வரட்டோ?"

"வா பிள்ளை."

கதிரையில் இருந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்டைக்கு நீங்கள் வந்து கதைச்சிட்டுப் போனாப் பிறகு நான் சரியா யோசிச்சனான். அம்மாவோடையும் கதைச்சனான். நீங்கள் சொன்னதெல்லாம் சரிதானாம் எண்டவ. இவ்வளவு காலமும் ஏன் இதை எனக்குச் சொல்லேல்லை நீங்கள்?"

நான் வரவில்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சத்தியமாக வந்தது. அவள் அழத் தொடங்கினாள், என் தோளில் தலையை வைத்தாள், நான் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வருகிறாள். என்ன சொன்னேன் என்று நான் அவளிடம் கேட்டதில்லை. கேட்டால் அது நானில்லை என்று ஆகிவிடும், அவள் எழும்பிப் போய்விடுவாள். அம்மாவும் சரியென்று சொன்ன அந்தக் கதை என்ன, எனக்கே தெரியாத என் பக்கத்து நியாயம் என்ன, படுத்திருந்து யோசிப்பேன். ஒன்றும் பிடிபடுவதில்லை. ரமணனிடம் மட்டும் சொன்னேன். என்னைக் கொண்டுபோய் விட்டவனும் கூட்டி வந்தவனும் அவனல்லவா. வெட்டிக்கொண்டிருந்த மீனைத் தள்ளி வைத்துவிட்டு, "அதை விட்டிடுங்கோ அண்ணை, பிள்ளை வந்திட்டுதல்லோ," என்றான்.

விட்டுவிடலாம்தான். ஆனால் ஒன்று இருக்கிறது. சென்ற மாதம் அபி தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, அண்டைக்குப் போகேக்கை வாசலிலை நிண்டு ஒரு பாட்டுப் பாடினனீங்கள். அதை ஒருக்காப் பாடுங்கோவன்."

நான் என் வாழ்க்கையில் பாடியதில்லை. குளிக்கும்போதுகூட இல்லை. தொண்டை சரியில்லை என்றேன். அடுத்த ஞாயிறும் கேட்டாள், அப்போதும் அதையே சொன்னேன். அவள் சிரித்துவிட்டுக் கோப்பைகளைக் கழுவப் போனாள். கழுவிக்கொண்டே தனக்குள் அதை முணுமுணுத்தாள். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் வந்து மூச்சு விடாமல் நின்று கேட்டேன். சொற்கள் தமிழ்தான், மெட்டு நான் எங்கும் கேட்டதில்லை. வீட்டில் ஆளில்லாத நேரத்தில் இப்போது பாடிப் பழகுகிறேன். இரண்டு வரி வருகிறது. மூன்றாவது வரி அவளுக்கும் ஞாபகமில்லை போல, அந்த இடத்தில் நிறுத்திவிடுகிறாள்.