சித்தப்பாவின் மேசையில் காபூல்

புதுமெத்தையின் பொலித்தீன் உறையில் முதுகைச் சாய்க்கும்போது எழும் சரசரப்புத்தான் கனடாவில் நாங்கள் இருந்த, தொண்ணூறுகளின் மல்வேர்னை நினைத்தால் எனக்கு முதலில் கேட்கிறது. எங்கள் தொடர்மாடியில் எதிர்வீட்டில் இருந்த ஃபரீதா அன்ரி, காபூலில் இருந்து வந்தவர், தன் தங்கை நசீமாவுக்கென்று வாங்கி, உறை பிரிக்காமல் சுவரோடு நிறுத்தி வைத்திருந்த மெத்தை அது. அம்மாவும் அப்பாவும் வேலையால் வரும்வரை நான் அவருடைய வீட்டில்தான், அந்த மெத்தையில் சாய்ந்து, ஏலக்காய் போட்ட தேநீரோடு வீட்டுப்பாடம் செய்துகொண்டிருப்பேன். நசீமா காபூலில் ஆசிரியை. அவரைக் கனடாவுக்கு எடுக்கும் ஸ்பொன்சர் அலுவல் எல்லாம் முடிந்து, பாகிஸ்தானுக்குப் போய்க் கனடாத் தூதரகத்தில் நேர்முகம் கொடுப்பது மட்டுமே மிச்சமிருந்தது. வந்ததும் எனக்குக் கணக்குச் சொல்லித் தருவார் என்று அன்ரி வாக்குக் கொடுத்திருந்தார்.

எங்கள் வீட்டில் அப்பாவின் தம்பி இருந்தார். சித்தப்பாவுக்கு அம்மா வைத்த பெயர் "ஆய்வாளர்". சனிக்கிழமைகளில் அவரோடு தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள் வந்து குந்திவிட்டால், சாப்பாட்டு மேசைதான் உலகம். உப்புப் போத்தல் அமெரிக்கா, மிளகுத்தூள் பேணி பாகிஸ்தான், சோஸ் போத்தல் இந்தியா, ஊறுகாய் ரஷ்யா. முந்தின வருடம்தான் யாழ்ப்பாணம் இராணுவத்திடம் போயிருந்தது. அந்தத் தோல்வி செமிக்காமல், உலகத்தில் எங்கே, எவர் துவக்கோடு ஒரு நகரத்துக்குள் நுழைந்தாலும் அதில் எங்களுக்கு என்ன லாபம் என்று பார்க்கிற வியாதி அவருக்குப் பிடித்திருந்தது.

காபூலின் கதையை நான் வளர்ந்த பிறகு வாசித்தேன். ரஷ்யாவை விரட்டுவதற்காக, மதத்தின் பெயரால் துவக்குத் தூக்கியவர்களுக்கு அமெரிக்கா அள்ளிக் கொடுத்தது. ரஷ்யா போனதும் அது கையைத் தட்டிவிட்டு எழும்பிப் போனது. கைவிடப்பட்ட தளபதிகள் ஒரு மாதம் கூட்டாளிகளாகவும் அடுத்த மாதம் எதிரிகளாகவும் மாறிமாறி ரொக்கற் அடித்ததில் அந்த நகரத்தின் பாதி மண்ணாகிப்போனது. ஃபரீதா அன்ரியின் தகப்பனும் தமையனும் அந்த ரொக்கற்றுகளில்தான் செத்தார்கள். பாகிஸ்தான் தான் வளர்த்த தளபதியைக் கைவிட்டு, மதரசாவில் படித்த இளைஞர்களைத் தத்தெடுத்தது. ஒருகாலத்தில் எதிரெதிரே நின்ற ஈரானும் ரஷ்யாவும் ஒன்றாக நின்று அந்த இளைஞர்களுடைய எதிரிகளுக்கு உதவின. எவருக்கும் வெட்கமில்லை.

மதரசாக்காரர் காபூலைப் பிடித்த செய்தி வந்த அந்தச் சனிக்கிழமை, அம்மா ஒரு பிறந்தநாள் ஓடருக்காக மட்டன் ரோல்ஸ் பொரித்து வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார். அப்பாவும் வீட்டில் இல்லை. சித்தப்பா மிளகுத்தூள் பேணியை மேசையின் நடுவுக்குத் தள்ளினார்.

"உந்தப் பெடியள் காபூலைப் பிடிச்சிட்டாங்கள். இனிப் பாகிஸ்தான்ரை கை ஓங்கும், இந்தியாவுக்கு வயித்தைக் கலக்கும். கலங்கினா இந்தியா எங்களிட்டைத்தான் வரும், இருந்து பாருங்கோ!"

எல்லோரும் தலையாட்டினார்கள். உற்சாகத்தில் அவருக்கு எதிர்வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. ஒரு தட்டில் ரோல்ஸ் அடுக்கி என் கையில் தந்தார்.

"முன்வீட்டு அன்ரியிட்டைக் குடுத்து, கொங்கிராசுலேசன்ஸ் எண்டு சொல்லு. அவையளும் முஸ்லிம்தானே, சந்தோசப்படுவினம்."

சொன்னபடியே சொன்னேன். ஃபரீதா அன்ரியின் கண்கள் சிவந்திருந்தன. அவருக்குப் பின்னால் வானொலி அவர்களுடைய மொழியில் பேசிக்கொண்டிருந்தது. யார் சொல்லச் சொன்னது என்று மட்டும் கேட்டார். பிறகு தட்டை வாங்கிக்கொண்டு வெறுங்காலோடு எங்கள் வீட்டுக்குள் வந்து, அதை மேசையில் வைத்தார். தெரிந்த ஆங்கிலத்தில், தன் தங்கை ஒரு ஆசிரியை, பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள், இனிப் பெண் தனியாக வீதிக்கு வரக்கூடாதாம், இதில் எதற்கு வாழ்த்து என்று கேட்டார்.

"ஐயோ சொறி" என்று ஒரு வார்த்தை போதும். சித்தப்பாவோ, "நோ நோ சிஸ்ரர், பொலிற்றிக்கலி..." என்று தொடங்கி, உப்புப் போத்தலைத் தூக்கிக் காட்டி விளங்கப்படுத்தினார்! அன்ரி முழுவதையும் கேட்டார். பிறகு மேசையைச் சுட்டிக்காட்டி, "இதில் என் தங்கை எங்கே?" என்றார். சித்தப்பா தன் சிநேகிதர்களைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நசீமா வரவே இல்லை. பாகிஸ்தானுக்குப் போக ஆண்துணை வேண்டும்; துணைக்கு வரக்கூடிய இரண்டு ஆண்களையும் ரொக்கற் அடித்த அந்தத் தளபதிகள் ஏற்கெனவே கொன்றிருந்தார்கள். அடுத்த குளிர்காலத்தில், பெண்ணைப் பார்க்க வைத்தியர் இல்லாமல், நெஞ்சுச்சளியில் அவர் செத்துப்போனதாகச் செய்தி வந்தது. கோடையில் அன்ரி குடும்பம் பிறம்ரன் நகருக்கு மாறியது. மெத்தையை, உறை கிழிக்காமலே, குப்பை அறை வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். "புதுசு, சும்மா கிடக்குது" என்று அதை உள்ளே இழுத்து வந்தவர் சித்தப்பா. பல வருடம் அதில் படுத்துக்கொண்டுதான் அவர் உலக அரசியல் பேசினார்.

அந்தத் தொடர்மாடி இன்னும் நிற்கிறது. ஆனால் கதவைத் திறந்து வைத்துப் பிள்ளைகளை எதிர்வீட்டில் விட்டுப்போகிற வழக்கம் போய்விட்டது. இருபத்தைந்து வருடம் கழித்துக் காபூல் இரண்டாம் முறை விழுந்த வாரம், மோர்னிங்சைட்டில் இருக்கும் சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். மேசைக்குப் பதிலாகக் கையில் போன்.

"பாத்தியே பிள்ளை, அமெரிக்காக்காரன் ஓடிற்றான். இனிச் சீனா உள்ளுக்கு வரும், இந்தியாவுக்கு வயித்தைக் கலக்கும்" என்றார்.

"சித்தப்பா, நசீமாவை ஞாபகமிருக்கோ?" என்று கேட்டேன்.

போனைக் கீழே வைத்து, நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே யோசித்தார்.

"நசீமாவோ? ஆரது? எந்தப் பக்கத்து ஆள்?"