டென்ட் பிரிக்கற நேரத்துல போன கொங்கண் கடற்கரை

புளிச்ச மாவு வாசனை...

கொங்கண் கடற்கரைன்னு யாராச்சும் சொன்னா எனக்கு உப்புக்காத்து ஞாபகம் வராதுங்க. காருக்குள்ள பொங்கி வழிஞ்ச இட்லி மாவு வாசனைதான் வரும்.

சிரிக்காதீங்கப்பா. கல்யாணமான புதுசு. புனே வந்து சிஞ்ச்வட்ல குடியிருந்தோம். மாமா (என் வீட்டுக்காரரத்தான் சொல்றேன், நாங்க கோயமுத்தூர்க்காரங்க) கார் பார்ட்ஸ் கம்பெனில இன்ஜினியர். நான் ஐ.டி.

மே மாசக் கடைசி. மழை வந்துட்டா கடலோரத்துல டென்ட் எல்லாம் பிரிச்சுருவாங்க, இப்ப விட்டா தீபாவளிக்கு அப்புறந்தான்னு ஆபீஸ்ல சொன்னாங்க. உடனே கெளம்பிட்டோம். அங்க சாப்பாடு எப்படி இருக்குமோன்னு நான் ஒரு தூக்குல மாவு எடுத்துக்கிட்டேன். விளிம்பு வரைக்கும் ஊத்தி, நல்லா இறுக்கி மூடி...

அந்த வெயிலுக்கு, மூடின காருக்குள்ள, மலைப்பாதை வளைவெல்லாம் சுத்திட்டு வந்தா மாவு சும்மா இருக்குமா? டப்புன்னு மூடி தெறிச்சுது. பின்சீட்டு, பெட்ஷீட்டு, மாமாவோட புது ஷூ... எல்லாம் மாவு!

வேற நாளா இருந்தா வண்டிய ஓரங்கட்டி வயிறு வலிக்கச் சிரிச்சிருப்போம். அன்னைக்கு ரெண்டு பேரும் வாயே தொறக்காம தொடைச்சோம்.

ஏன்னா கோயமுத்தூர்ல அவருக்கு ஒரு வேலை ரெடியா இருந்துச்சு. திங்கக்கிழமை பதில் சொல்லணும். ஒத்தப் பையன், மாமனாருக்கு உடம்பு வேற முடியல, "வந்துரு சாமி"ன்னு தெனம் போன். எனக்கோ இங்க இப்பத்தான் மனசுக்குப் புடிச்ச வேலை, நல்ல டீம். அங்க போனா எல்லாத்தையும் விட்டுட்டுப் போகணும்.

போக வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. போலாம் வான்னு கூப்பிட அவருக்கும் வாய் வரல. அதப் பேசி முடிக்கத்தான் இந்த டிரிப்பே... ஆனா அத மட்டும் ரெண்டு பேரும் தொடவே இல்ல.

போய்ச் சேர்ந்தா அங்க ஈ காக்கா இல்ல. பாதி டென்ட்டப் பிரிச்சு மடிச்சு வெச்சாச்சு. கேம்ப் நடத்தற காகா (அங்க பெரியவங்கள அப்படித்தான் கூப்பிடுவாங்க) தலையச் சொறிஞ்சுட்டே ஹிந்தில சொல்றாரு, சமையல்காரன் நேத்தே ஊருக்குப் போயிட்டான், மீன் கொழம்பு மட்டும் இருக்குன்னு.

அப்புறம் என்ன... தூக்குல மிச்சமிருந்த மாவுதான் தெய்வம். காகாவோட தவால நான் தோசையா ஊத்த ஊத்த, அவரு ஒரு வாய் வெச்சுட்டு, "அரே, யே தோ ஆம்போளி ஹை!"ன்னு கத்தினாரு. அவங்க வீட்லயும் அரிசி உளுந்து அரைச்சுப் புளிக்க வெச்சு இதே மாதிரி சுடுவாங்களாம். மீன் கொழம்புல தொட்டு மூணு பேரும் வழிச்சுச் சாப்பிட்டோம்.

சாயங்காலம் மணல்ல உக்காந்து கொசுவப் பத்திப் பேசினோம். சீட் கவர் மாத்தறதப் பத்திப் பேசினோம். கடவுளே, சீட் கவர்!

காலைல வானம் கருகருன்னு இருந்துச்சு. தூறல் வேற. காகா அவசர அவசரமா கயிறு அவுக்க, மாமா லுங்கிய மடிச்சுக் கட்டிட்டுக் கூடப் போய்ப் புடிச்சாரு. நான் கம்பியெல்லாம் பொறுக்கிட்டு இருந்தேன்.

அடுத்த சீசனுக்கு வருவீங்கதானேன்னு காகா சும்மா கேட்டாரு.

"ஹர் சால் ஆயேங்கே காகா. ஹம் தோ புனே மே ஹீ ரஹேங்கே."

வருஷா வருஷம் வருவோம்... நாங்க புனேலதானே இருக்கப்போறோம்னு. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல.

கம்பியோட அப்படியே நின்னுட்டேன். சந்தோஷம்னா அப்படி ஒரு சந்தோஷம்! அடுத்த நிமிஷமே மாமனார் மொகம் கண்ணு முன்னாடி வந்துருச்சு.

திரும்பி வரும்போது அவரும் ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல. திங்கக்கிழமை அந்தக் கம்பெனிக்கு போன் பண்ணி வரலைன்னு சொல்லிட்டாரு.

வருஷா வருஷம்னு சொன்னவரு ஒரு தடவகூட மறுபடி கூட்டிட்டுப் போகல. பாப்பா, ஸ்கூல், அபார்ட்மென்ட் சொசைட்டி மீட்டிங்... எங்க போறது? போன வருஷம் மாமனாரும் போயிட்டாரு.

இந்த ஞாயித்துக்கிழமை அதே மாதிரி இருட்டிட்டு வந்துச்சு. பால்கனில டீ குடிச்சுட்டு இருந்தோம். என்னவோ தோணுச்சு, கேட்டுட்டேன்.

"ஏனுங் மாமா, அன்னைக்கு அந்த முடிவ எங்கிட்டச் சொல்லாம காகாகிட்டப் போய்ச் சொன்னீங்களே, ஏன்?"

"அவரு கேட்டாரு அம்மிணி. நீ கேக்கவே இல்லியே."

சுருக்குன்னு இருந்துச்சு.

"சரி, இப்பக் கேக்கறேன். ஊருக்குப் போகலைன்னு வருத்தமா இருக்குதுங்களா?"

டம்ளரக் கீழ வெச்சாரு.

"அப்பா போனப்ப இருந்துச்சு. ரொம்பவே இருந்துச்சு... இப்ப இல்ல."

அவ்வளவுதாங்க. அன்னைக்கு அத்தாம் பெரிய கடல எதிர்ல வெச்சுட்டுப் பேச முடியாதத, இப்ப ஈரத்துணிக் கொடிக்குக் கீழ, டீ ஆறறதுக்குள்ள பேசிட்டோம்.