கண்மாய்க்கரை சோலை அண்ணனுக்குத்தான் தெரியும்

சும்மா சொல்லக்கூடாது, எங்கள் பகுதிக் கண்மாயை மூடியதில் சோலை அண்ணனுக்கு இருக்கும் பங்கு வேறு யாருக்கும் கிடையாது. கோச்சடையிலிருந்து சிம்மக்கல் வரை எந்த வீட்டை இடித்தாலும் அவருடைய டிராக்டர்தான் வந்து நிற்கும். இடித்த கல்லும் காரையும் இருபது வருடமாகக் கண்மாயில் விழுந்தன. மேடு தட்டிய இடத்தில் அவரே ஒரு வீட்டையும் கட்டிக்கொண்டார். பாண்டிமீனா மதினி வாசலில் முருங்கை வைத்தார். வரி ரசீதும் வந்துவிட்டது. நம் ஊரில் ரசீது இருந்தால் தண்ணீருக்குள்கூடக் குடியிருக்கலாம்.

போன வருடம் கண்மாயை மீட்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. கொட்டிக் கிடப்பதை அள்ளி, கிடங்கில் அரைத்து, நடைபாதைக் கல் செய்யப்போகிறார்களாம். அள்ள யாரைக் கூப்பிட்டார்கள்? சோலை அண்ணனைத்தான். தண்டனையாக இல்லை, வாடகைக்கு.

கரைக்கு உள்ளே இருக்கும் வீடுகள் போகும், வெளியே இருப்பவை தப்பும் என்றார்கள். மதினிக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பொறியாளர் ரோகிணி கொண்டுவந்த பழைய வரைபடத்தில் கரை அண்ணன் வீட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது; வீடு வெளியே.

"அழகர் காப்பாத்திட்டாரு. நீங்க வாயத் தொறக்காம வண்டிய மட்டும் ஓட்டுங்க" என்றார் மதினி.

"நான் என்னத்தச் சொல்லப்போறேன்."

அந்த மனுஷனுக்கு வாயை மூடத் தெரிந்திருந்தால் நான் ஏன் இதை எழுதுகிறேன். பொக்லைன் அள்ள அள்ள அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "இந்தச் செவப்புத் தரை அரிசிக்கடைக்காரர் வீடு. இந்த நீல டைல்ஸ் ஜலால் பாய் பாத்ரூம்." கீழடியில்கூட இவ்வளவு விளக்கமாகச் சொல்ல ஆள் கிடையாது.

நான்காம் நாள் ரோகிணி வரைபடத்தை மடித்தார். "கொட்டுன கல்லு இதோட முடிஞ்சுதுண்ணே. இனிமே கரை."

"இதுவா கரை? யாரு மேடம் சொன்னா?"

"மேப்ல இருக்கு. நீங்க வண்டி ஓட்டுறவரு, ஒங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

தெரியாது என்றதுதான் அவரைக் கெடுத்தது. "எனக்கா தெரியாது? கல்லக் கொட்டுனதும் நாந்தான், மேல மண்ணப் போட்டு மூடுனதும் நாந்தான். இன்னும் நாப்பது அடி போகணும். அங்கன தோண்டுங்க, கரையில இருந்த பழைய மடைக்கல்லு வரும். வரலைன்னா மீசைய எடுத்துர்றேன்."

வீட்டுக்குப் பின்னால் தோண்டினார்கள். மடைக்கல் வந்தது. கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டே திரும்பினார். எதிரே, கரைக்கு உள்ளே, அவருடைய வீடு நின்றது. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதைப் பதினைந்து பேர் பார்க்க வைத்துக்கொண்டார்.

ரோகிணி சுவரில் சிவப்புப் பெயிண்டால் குறி போட்டார். அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். "ஒரு மாசம் டயம் இருக்குண்ணே" என்று மெதுவாகச் சொன்னார்.

நான் கிண்டல் பண்ணத்தான் போனேன். மதினியின் முகத்தைப் பார்த்ததும் கிண்டலை விட்டுவிட்டேன். அவர் அழவில்லை, புருஷனைத் திட்டவும் இல்லை. முருங்கையடியில் நின்றுகொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இடிக்கிற கல்லுக்குக்கூட, கிடங்குன்னு போக ஒரு எடம் வச்சிருக்காக. நமக்கு எங்க வச்சிருக்கீக?"