இசக்கியப்பன் அண்ணாச்சி சிபாரிசு செய்யாத இடம்

இசக்கியப்பன் அண்ணாச்சியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத அவர் மேலும் கோபம் வருகிறது, என் மேலும் கோபம் வருகிறது. ஆனாலும் எழுதி முடித்துவிடுகிறேன்.

தென்காசி மாசி வீதியில் எனக்கு ஒரு டைப்பிங் கடை இருக்கிறது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அண்ணாச்சி அங்கே முதன்முதலாக வந்தபோது, தபால் துறையில் மெயில் ஓவர்சியராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். ஊர் ஊராகப் போய்க் கிளைத் தபால் நிலையங்களைச் சோதிக்கிற வேலை அது. சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பதும், யார் வீட்டிலும் கை நனைக்காமல் திரும்புவதும் அவருக்கு முப்பது வருடப் பழக்கம். சர்வீஸில் ஒருவரிடமும் ஒரு தேங்காய்கூட வாங்கியதில்லை என்று அவரே சொல்லுவார். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. கையெழுத்து மட்டும் கோழி கிளறின மாதிரி இருக்கும். அதனால்தான் என்னிடம் வந்தார்.

ஓய்வுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது விநோதமான ஒரு வேலை. இலஞ்சிக்காரர் பாண்டித்துரை ஐயா சென்னையில் பம்பு செட் கம்பெனி வைத்துப் பெரிய ஆள் ஆனவர். தன் அம்மா சொக்கம்மாள் பேரில் குடும்ப அறக்கட்டளை ஒன்று நடத்துகிறார். நம் பக்கத்துத் தொண்டு நிறுவனங்களுக்குத்தான் உதவி. முன்பெல்லாம் சீசன் நேரத்தில் குற்றாலம் பங்களாவுக்கு யார் சால்வையும் மனுவுமாக வருகிறார்களோ அவர்களுக்குக் கிடைத்துவிடும். மகள் அபர்ணா வெளிநாட்டில் படித்துவிட்டு வந்ததும் அதை நிறுத்தினாள். விண்ணப்பம், ஒவ்வோர் இடத்துக்கும் மார்க் போட ஒரு மார்க் ஷீட், நேரில் ஆய்வு என்று எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்தாள். வருடத்துக்கு நாற்பது, ஐம்பது விண்ணப்பம் வரும். சான்றிதழ் சரியில்லாதவற்றைச் சென்னையிலேயே கழித்துவிடுவார்கள். மீதிப் பத்துப் பன்னிரண்டு இடங்களை அண்ணாச்சி போய்ப் பார்த்து எழுதிக்கொடுக்க வேண்டும். அதை வைத்து நாலு இடத்தைத் தேர்ந்தெடுப்பார்கள்.

அவர் பார்க்கிற விதமே தனி. ஆபீஸ் அறையில் உட்கார மாட்டார். நேரே சமையலறைக்குப் போவார், அடுத்தது கக்கூஸ். ராயகிரிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்குச் சொல்லிவிட்டுப் போன அன்று எல்லாரும் புதுச்சேலையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மறுவாரம் ஒரு செவ்வாய்க்கிழமை சொல்லாமல் போனார். அன்று பார்த்ததை என்னிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் எத்தனை கட்டில், எத்தனை பேர் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

"உள்ளத எழுதவேண்டியதுதான அண்ணாச்சி" என்றேன்.

"அவனும் நல்லது செய்யணும்னுதானம்மா ஆரம்பிச்சிருப்பான். நம்ம வாயால ஒருத்தன் பேரு கெடக்கூடாது" என்றார்.

நல்ல இடமென்றால் இரண்டு பக்கம் எழுதுவார். 'சோறு சூடாக இருந்தது. பிள்ளைகள் முகத்தில் பயம் இல்லை. வாட்ச்மேனுக்கு எல்லாப் பிள்ளைகளின் பெயரும் தெரிந்திருந்தது.' இப்படி எழுதுவார். டைப் அடிக்கிற எனக்கே அங்கே போய்ப் பார்க்க வேண்டும் போலிருக்கும்.

ஆடி மாதம் சாரல் விழும்போது குடும்பமே குற்றாலம் வந்துவிடும். காலையில் ஐந்தருவியில் குளியல், மதியம் விருந்து, அதற்குப் பிறகு ஹாலில் கூட்டம். திரையில் படம் காட்ட லேப்டாப்போடு என்னைக் கூப்பிடுவார்கள். ஒவ்வோர் இடமாகப் படத்தைப் போடுவேன். அபர்ணா மார்க்கைச் சொல்லுவாள். அவள் தம்பி விஜய்பாண்டி கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். கடைசியில் பாண்டித்துரை ஐயா அண்ணாச்சி பக்கம் திரும்பி, "என்ன அண்ணாச்சி சொல்லுதிய?" என்று கேட்பார்.

"நல்லா செய்யுதாங்கய்யா" என்று அண்ணாச்சி சொன்னால் அந்த இடத்துக்கு நிதி உறுதி. நல்ல இடம் இல்லையென்றால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். தலையைக் குனிந்து கைத்துண்டை மடிப்பார். ஐயா அதைப் பார்த்துவிட்டு மகனைப் பார்ப்பார். விஜய்பாண்டி "நெக்ஸ்ட்" என்பான். நான் பட்டனை அழுத்துவேன்.

இப்படி ஒரு வழக்கம் உண்டு என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இரண்டாவது வருடமே எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை பக்கம் விண்ணப்பமும் மார்க் ஷீட்டும் போட்டு, கடைசியில் ஒரு மனுஷன் துண்டை மடிக்கிறாரா இல்லையா என்று பார்த்து முடிவு செய்கிறார்களே என்று வீட்டில் வந்து என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அண்ணாச்சிக்கு மட்டும் அது தெரியாது. எல்லாம் மார்க்கு பார்த்து நடக்கிறது, தன்னைக் கேட்பது ஒரு மரியாதைக்கு என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், அவர் பார்க்க வேண்டிய பட்டியலில் பண்பொழியிலிருந்து ஒரு பெயர் வந்தது. மூளை முடக்குவாதம் வந்த பிள்ளைகளுக்கான பகல் நேர மையம். நடத்துகிறவர் தங்கபுஷ்பம். அங்கன்வாடியில் வேலை பார்த்தவர். இந்தப் பிள்ளைகளை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை என்று பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல், வாடகை வீட்டில் தானே தொடங்கியிருந்தார். பதினான்கு பிள்ளைகள். சுற்று வட்டாரத்திலிருந்து கூட்டிவர ஒரு வேன், வாரத்தில் மூன்று நாள் வந்து பயிற்சி கொடுக்கிற ஒரு பிசியோதெரபிஸ்ட். இந்த இரண்டுக்கும் உதவிக்கொண்டிருந்த வெளியூர் நிறுவனம் அந்த வருடத்தோடு நிறுத்துவதாகச் சொல்லிவிட்டது. சொக்கம்மாள் அறக்கட்டளை கொடுத்தால் மையம் நடக்கும், இல்லையென்றால் மூட வேண்டியதுதான்.

அண்ணாச்சி கொண்டுவந்த காகிதத்தில் நாலே வரி இருந்தது. பிள்ளைகள் 14. வேன் 1. பயிற்சி வாரம் 3 நாள். வாடகைக் கட்டடம்.

"அண்ணாச்சி, இடம் நல்லால்லையா?"

"நல்லால்லன்னு யாரு சொன்னா?" என்று நிமிர்ந்தார். "ஸ்வாதின்னு ஒரு பிள்ள இருக்கு, ஒம்போது வயசு. கம்பியப் புடிச்சி நிக்கப் பழக்குதாங்க. அது நிக்கயில எல்லாப் பிள்ளையும் சேந்து ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுது. பத்து வரைக்கும் நின்னுச்சி. எண்ணி முடிச்சதும் அதுவே கையத் தட்டப் போயி தொப்புன்னு உக்காந்துட்டு. சிரிப்பு தாங்கல அதுக்கு."

சொல்லும்போது அவர் முகமே மாறிவிட்டது.

"இத எழுதுங்களேன்."

"எழுத மாட்டேன். தங்கபுஷ்பம் எஞ் சித்தி மவ. நான் நல்லதுன்னு எழுதினா தங்கச்சிக்கு வாங்கிக் குடுத்துட்டான்னு ஊரு பேசும்."

"அப்ப எந் தங்கச்சின்னு அவியகிட்ட முதல்லயே சொல்லிருங்க. வேற யாரையாவது அனுப்பிப் பாக்கட்டும்."

"அது இன்னும் மோசம்லா. நம்ம அண்ணாச்சிக்குத் தங்கச்சியான்னு முதலாளி பாக்காமலே குடுத்துருவாரு. சொன்னாலே சிபாரிசுதான். அவ வேலை சுத்தமான வேலை. மார்க்கு தானா வரும். எனக்கு அதுல சோலி கெடையாது."

இங்கேதான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நீங்கள் பேசாமல் இருந்தால் அங்கே என்ன அர்த்தம் தெரியுமா என்று கேட்டிருக்க வேண்டும். வாசலில் நாலு பேர் ஜெராக்ஸுக்கு நின்றார்கள். தாசில்தார் ஆபீஸுக்கு நேரமாகிறது என்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வருடத்துக்கு ஒரு நாள் கூப்பிடுகிற பெரிய வீடு, நமக்கேன் வம்பு என்ற நினைப்பும் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

கூட்டத்தன்று நல்ல சாரல். ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்கள். பண்பொழி ஏழாவதாக வந்தது. ஸ்வாதி கம்பியைப் பிடித்து நிற்கிற படத்தைத் திரையில் போட்டேன். அபர்ணா மார்க்கை வாசித்தாள்.

"என்ன அண்ணாச்சி சொல்லுதிய?" என்றார் ஐயா.

அண்ணாச்சி தலையைக் குனிந்தார். துண்டை எடுத்து மடித்தார். முகத்தில் அவ்வளவு நிம்மதி. தங்கச்சி விஷயத்தில் தான் துளியும் தலையிடவில்லை என்கிற நிம்மதி அது. அபர்ணா ஏதோ கேட்க வந்தவள் அவரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துகொண்டாள்.

விஜய்பாண்டி "நெக்ஸ்ட்" என்றான்.

பட்டனை அழுத்தியது நான்தான். அந்த ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால்கூட யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள்.

முடிவு வந்ததும் அண்ணாச்சிக்கு வருத்தம்தான். ஆனால் சந்தேகம் இல்லை. பண்பொழிக்குப் போய், "மார்க்கு பத்தலையாம் தங்கம். அடுத்த வருசம் பாப்போம்" என்று சொல்லிவிட்டு வந்தார். மையம் கார்த்திகை வரைக்கும் இழுத்துப் பிடித்து நடந்தது. முதலில் வேன் நின்றது. பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வர முடிந்தவர்கள் வந்தார்கள். பிறகு பயிற்சி கொடுத்தவர் கொச்சியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பொங்கலுக்கு முன்னால் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள்.

அடுத்த ஆடியில் மறுபடியும் கூட்டம். முடிந்து காப்பி குடிக்கும்போது அபர்ணா சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அண்ணாச்சி, போன வருஷம் பண்பொழி சென்டர்ல அப்படி என்ன தப்பு பார்த்தீங்க? எனக்கு இன்னும் மனசு கேக்கல. மார்க்ல அதுதான் ஃபர்ஸ்ட். நீங்க ஒண்ணும் சொல்லாததாலதான் விட்டோம்."

அண்ணாச்சிக்கு முதலில் புரியவில்லை. "நான் தப்புன்னு சொல்லலயேம்மா" என்றார்.

"நீங்க எப்பவுமே சொல்ல மாட்டீங்களே. பேசாம இருந்தா வேண்டாம்னு அர்த்தம். அப்பா பத்து வருஷமா அப்படித்தானே எடுத்துக்கிறாங்க?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வயரைச் சுற்றுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அதன் பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார், சித்தி மகள் என்பது வரைக்கும். அபர்ணா நல்ல பெண். உட்கார்ந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டாள். "இப்பவே கொடுத்துடலாம். திரும்ப ஆரம்பிக்கச் சொல்லுங்க" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பண்பொழி போக என்னையும் கூப்பிட்டார் அண்ணாச்சி. பஸ் செங்கோட்டை தாண்டியதும், எனக்கு முன்னமே தெரியும் என்று சொல்லிவிட்டேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நீயாவது சொல்லிருக்கலாமம்மா" என்றார். அவ்வளவுதான்.

தங்கபுஷ்பம் இப்போது ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருக்கிறார். லீவு நாள் என்பதால் வீட்டில் இருந்தார். அண்ணாச்சி நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னார். மார்க்கு பத்தவில்லை என்று சொன்னது உண்மையில்லை, அவளுடையதுதான் முதல் மார்க்கு, தன்னால்தான் கெட்டது, இப்போது நிதி தருகிறார்கள். ஒன்றையும் மறைக்கவில்லை.

"உக்காருண்ணே" என்றார் தங்கபுஷ்பம். "இப்ப தந்தா யார வச்சி நடத்த? ஸ்வாதிக்கி ரெண்டு முட்டும் மடங்கி இறுகிப் போச்சி. திருநெல்வேலியில காட்டினதுக்கு ஆப்பரேசன் பண்ணணும்னுட்டாங்க. அவ அம்மையால தூக்க முடியல, பிள்ள கனத்துட்டு. மத்த பிள்ளையள எங்கன போயித் தேட, பாதிப் பேரு வீடு மாறிட்டாங்க."

அண்ணாச்சி பெஞ்சியில் உட்கார்ந்தார். "ஏட்டி, நீ வேற எங்கயாவது எழுதிப் போட்டுருக்கலாம்லா? எங்கள மட்டுமே ஏன் நம்பி இருந்த?"

 அண்ணாச்சி அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

"மதுரையில ஒரு டிரஸ்ட்டுல ரெண்டு மட்டம் போன் போட்டாங்கண்ணே. விண்ணப்பம் அனுப்புங்க, குடுக்கோம்னாங்க. நீ வந்து பாத்துட்டுப் போயிருக்க. அங்கயும் இங்கயும் ஒரே நேரத்துல கேட்டேன்னு தெரிஞ்சா, இசக்கியப்பன் தங்கச்சி இப்பிடியான்னு ஒன்னையத்தான பேசுவாங்க. அதான் அனுப்பல."

"எனக்காகவா?"

"வேற யாருக்காக?"

அண்ணாச்சி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எழுபது வயது தாண்டிய மனுஷன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. தங்கபுஷ்பம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.