அடியில் இருந்த படம்

கட்டாரிலும் மலேசியாவிலும் கட்டட வேலை செய்த காலத்தில், லீவு நாட்களில் தனியே நடந்து படம் எடுப்பேன். ஆட்களோடு கதைக்கக் கூச்சம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதால் இதைக் கலை என்று சொல்லவும் வாய் வராது. ஊருக்கு வந்த பிறகு, தொலைபேசியில் ஒரு படத்தின் மேல் இன்னொன்றை மெல்லியதாகப் படியவைக்கப் பழகினேன். டோகாப் பள்ளிவாசல் சுவரின் மேல் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கொக்கிளாய்க் களப்புத் தண்ணீர். அதன் மேல் பினாங்குச் சீனக் கோயிலின் சிவப்பு விளக்குகள்.

அந்த ஒரு படத்துக்கு மட்டும் அடியில் மனைவியை வைத்தேன். கிணற்றடியில் தலை துவட்டிக்கொண்டு நின்றபோது எடுத்தது.

"முகம் தெரியுமோ?" என்று கேட்டாள்.

"இல்லை. நிழல் மாதிரித்தான்."

"வேற ஆரும் பாக்கக்கூடாது."

ஓம் என்றேன். விளக்குகளுக்கும் தண்ணீருக்கும் கீழே அவள் நிற்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

அதைப் பெரிதாக அச்சடித்து அறையில் மாட்ட ஆசைப்பட்டேன். வவுனியாவில் ஸ்டூடியோ வைத்திருப்பவன் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். அடியில் உள்ள படங்களையும் தனித்தனியாகக் கேட்டான். அப்போதுதான் பெரிதாக்கினாலும் கலங்காதாம்.

"பயப்பிடாதை மச்சான். வேற ஒருத்தற்ர கண்ணிலயும் படாது."

நம்பிக் கொடுத்தேன்.

அச்சான படத்தை வாங்க இருவருமாகப் போனோம். வீதியைக் கடக்கும்போதே மனைவி நின்றுவிட்டாள். ஸ்டூடியோவின் முன் கண்ணாடிக்குள் அவளே நின்றாள், ஈரத் தலையோடு, முகமும் கழுத்தும் தெளிவாக. பள்ளிவாசலும் விளக்குகளும் புகை போலப் பின்னுக்குப் போயிருந்தன.

நான் மட்டும் உள்ளே போனேன்.

"உன்ர படத்தில ஒண்டும் விளங்கேல்லையடா," என்று நண்பன் சிரித்தான். "வெளிநாட்டை மங்கவிட்டுத் தங்கச்சியை மேல கொண்டுவந்தனான். இப்ப பார், போற வாற சனமெல்லாம் நிண்டு பாக்குது. கலியாணப் படம் எடுக்க ரெண்டு ஓடரும் வந்திட்டுது!"

"கழட்டு."

"இந்தக் கிழமை முடியட்டும் மச்சான்."

முன் கண்ணாடிக்குள் கையை விட்டு நானே கழற்றினேன்.

"சரி, கொண்டு போ. கொம்பியூட்டருக்குள்ள கிடக்குத்தானே," என்றான். அவனுக்கு அது இன்னும் பகிடியாகவே இருந்தது.

பஸ்ஸில் படத்தை மடியில் கவிழ்த்து வைத்திருந்தேன். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தாள். பஸ் கனகராயன்குளம் வந்தது.

"அவன் என்னை ஏமாத்திப்போட்டான்," என்றேன்.

"அந்தாளை எனக்குத் தெரியாது," என்றாள். "நான் நம்பி உங்களிட்டத்தானே குடுத்தனான்."